வாசலைப் பார்த்திருந்த ஷூக்கள்

விற்பனைக்கு நின்ற பழைய வண்டிக்குள் ஏறும்போது கினுயோ தன் கான்வாஸ் ஷூக்களைப் படியில் கழற்றிவிட்டுத்தான் ஏறினாள். அவசரத்தில் கழற்றியதால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, முனைகள் உள்ளே பார்த்தபடி கிடந்தன. இறங்க வந்தபோது இரண்டும் வெளியே பார்த்திருந்தன. நல்ல குடும்பத்து வீட்டில் விருந்தாளி கிளம்பும் நேரத்துக்கு அவர் ஷூவை வாசல் பக்கம் திருப்பி வைப்பார்களே, அப்படி, குதிகால்கள் ஒட்டி, நேராக.

"ரொம்ப மரியாதை தெரிஞ்சவரு தம்பி நீங்க," என்றாள் கினுயோ.

பழைய வண்டிகள் விற்கும் ஹிராசாவா, மைதானத்தின் மறுகோடியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது காதில் விழாமல் கிட்ட ஓடிவந்தான்.

"என்னம்மா சொன்னீங்க?"

"என் ஷூவைத் திருப்பி வச்சீங்களே, அதைச் சொன்னேன்."

"நானா? நான் இந்தப் பக்கமே வரலையேம்மா. என் பொண்டாட்டி இதைக் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா. வீட்டுல என் ஷூவையே நான் திருப்பினது கிடையாது."

நாமேதான் வைத்திருப்போம் என்று கினுயோ நினைத்துக்கொண்டாள். முப்பத்தொன்பது வருடப் பழக்கம். தினமும் காலை ஆறே முக்காலுக்கு வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து கணவன் தொகுஜியின் கறுப்பு ஷூக்களை வெளிப்பக்கம் திருப்பி வைப்பாள். குதிகாலை நுழைக்க உதவும் மூங்கில் தகட்டை இடது ஷூவில் சாய்த்து வைப்பாள். "போயிட்டு வாங்க" என்பாள். "போயிட்டு வரேன்" என்பார் அவர், பாதி கொட்டாவியோடு. அவள் ஷூவை அவர் ஒரு நாளும் திருப்பி வைத்ததில்லை. கெட்ட மனிதர் இல்லை, அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். தன் ஷூவைத் தானே திருப்பி வைத்துக்கொள்ள அவளுக்கும் நேரம் இருந்ததில்லை.

தொகுஜிக்கு ஒரு சின்ன கேரவன் வாங்க வேண்டும் என்று ஆசை. புதிதெல்லாம் வேண்டாம், இரண்டு பேர் படுக்கிற மாதிரி, ஒரு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற பழைய வண்டி போதும். செர்ரிப் பூ தெற்கே பூக்கத் தொடங்கி வாரத்துக்கு வாரம் வடக்கே நகரும் அல்லவா, அதன் பின்னாலேயே ஊர் ஊராகப் போய்க் கடைசியில் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் இறங்க வேண்டும். குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பகுதிநேர வேலைக்குப் போனது அதற்குத்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

உடைத்தது தான்தான் என்பது கினுயோவின் எண்ணம். போன அக்டோபரில் ஒரு காலை, பத்திரிகையில் பேனாவால் வட்டம் போட்ட விளம்பரத்தை அவர் நீட்டியபோது, "இந்த வயசுல தகர டப்பாவுல படுத்துத் தூங்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?" என்றாள். அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். அன்றைக்கு அவள் வாசலுக்கு வரவில்லை. ஷூக்கள் முந்தின இரவு கழற்றிய வாக்கில் உள்ளே பார்த்துக் கிடந்தன. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கித் திரும்பி நின்று ஷூ மாட்டும் சத்தம் சமையலறைக்குக் கேட்டது. "போயிட்டு வரேன்" என்றார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலையத்துப் படியில் பதினைந்தாவது நிமிடம் விழுந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஒரு நோட்டு மட்டும் அவரது மேசையில் இருந்தது. பழைய கேரவன் வாங்கப் போகிறவன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, கினுயோ இப்போது அதை வரிவரியாகப் படித்து, மறுபடி ஏறி வண்டியைப் பார்த்தாள். கூரையின் ஓரங்களை விரலால் தட்டிப் பார்த்தாள்; தொப்பென்று சத்தம் வந்தால் உள்ளே மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். வரவில்லை. மெத்தையைத் தூக்கி மோந்து பார்க்கச் சொல்லியிருந்தார். பார்த்தாள். வெயில் படாத துணியின் வாசனை, அதற்கு அடியில் உப்புத் தண்ணீர் வாசனை, அதற்கும் அடியில் எங்கேயோ பழைய ஊதுபத்தி. யாரோ ஆசையாகத் தைத்த நீல அலைத் திரைச்சீலைகள், காற்றே இல்லாத இடத்தில் மெல்ல அசைந்து நின்றன. கடைசி வரிக்கு வந்தாள்.

"படி கினுயோவுக்கு உயரமா என்று பார்க்க வேண்டும். இடது முட்டி."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஹிராசாவாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"அம்மா, அம்மா, விலை ஜாஸ்தியா தெரிஞ்சா சொல்லுங்கம்மா, பாத்துக்கலாம்."

"அதில்ல தம்பி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்கு முன்னாடி யாரு வச்சிருந்தா?"

"ஒரே ஒருத்தங்கதான். புருஷன் போனப்புறம் தனியா இருந்த அம்மா. எவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க பாருங்க."

"அப்புறம் ஏன் வித்தாங்க?"

"சொந்தக்காரங்க கொண்டுவந்து விட்டாங்க," என்றபடி, நன்றாக இருந்த டயரை அவன் குனிந்து இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தான்.

மகள் மிசாதோ தொலைபேசியில் கத்தினாள். "வீட்டு வாசல்ல வண்டிய பின்னால எடுக்கவே உனக்கு அரை மணி நேரம் ஆகும். நீ ஹொக்கைடோ போறியா? பேசாம என்கூட வந்து இரும்மா."

"உன் வீட்டுல என்னைப் பெட்டி அடுக்குற ரூம்லதானே போடுவ. இதுல ஜன்னலாவது இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள் கினுயோ.

ஏப்ரல் பிறந்ததும் கிளம்பினாள். தொகுஜியின் கறுப்பு ஷூக்களையும் மூங்கில் தகட்டையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். சவப்பெட்டியில் அவரோடு வைத்து அனுப்பத்தான் நினைத்தாள். தோலும் ரப்பரும் எரியூட்டும் அடுப்பில் சேராது என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்கள். அவர் இறந்தவர்களுக்குப் போடும் வைக்கோல் செருப்போடுதான் போனார்.

முதல் இரவு முராகாமிக்குப் பக்கத்தில், பிரயாணிகள் வண்டியை நிறுத்தித் தூங்குகிற சாலையோர நிலையத்தில் தங்கினாள். பக்கக் கதவை உள்ளிருந்து பூட்டினாள். கதவை ஒட்டிய படிக்குழியில் ஷூவைக் கழற்றிப் போட்டாள். கடல் இருட்டில் ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வண்டியின் மெல்லிய சுவர்கள் குளிரில் சுருங்கி டிக், டிக்கென்றன. தண்ணீர்த் தொட்டியில் ஏதோ ஒன்று புரண்டு படுப்பது போல நீர் அசைந்தது. இதெல்லாம் வண்டிக்குச் சகஜம் என்று நோட்டில் இருந்தது. தூங்கிப்போனாள்.

காலையில் ஷூக்கள் வெளியே பார்த்திருந்தன.

பூட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டியே இருந்தது. மறுபடி இழுத்தாள். பிடரி மயிர் குத்திட்டு நின்றது. பிறகுதான் கவனித்தாள்: வைத்தவருக்கு வைக்கத் தெரியவில்லை. இடது ஷூ வலப்பக்கமும் வலது ஷூ இடப்பக்கமுமாக மாறியிருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது வலது தெரியாமல் ஷூ வைக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தானே உண்டு. வாழ்நாளில் ஒரு தடவைகூட இந்த வேலையைச் செய்து பழகாதவர்.

"இப்பவாவது தோணுச்சே உங்களுக்கு," என்று சத்தமாகச் சொன்னாள். சிரித்த வாய் கோணி அழுகையாயிற்று. அப்படியானால் அவருக்குக் கோபம் இல்லை. அந்த நினைப்பு ஒன்று போதும் அவளுக்கு. ஷூக்களைச் சரியாக மாற்றி வைத்து மாட்டிக்கொண்டு போய் முகம் கழுவினாள்.

அன்றிலிருந்து இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினாள். ஓட்டும்போது பேசிக்கொண்டே போனாள். சகாதாவில் ஆற்றங்கரையில் பூ பாதி விரிந்திருந்தது, அதைப் பார்க்கச் சொல்லி வண்டியை மெதுவாக்கினாள். மறுநாள் காலையும் ஷூக்கள் அப்படியே திரும்பியிருந்தன, இடம் மாறி. "கத்துக்கவே மாட்டீங்களா?" என்று செல்லமாக அலுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அகிதா கடலோரத்தில் ஒரு நிறுத்தம். காய்கறியும் புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயும் விற்கிற தடித்த பெண் ஒருத்தி கடையை விட்டு இறங்கியே வந்துவிட்டாள்.

"அட, இந்தத் திரைச்சீலை! எத்தனை நாளாச்சு! அந்தம்மா எங்க?"

"நான்தான் வாங்கியிருக்கேன். போன மாசம்."

"ஓ." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல மனுஷி. ரெண்டு வருஷம் வந்து போனாங்க. செத்துப்போன வீட்டுக்காரர் தினமும் காலைல என் ஷூவைத் திருப்பி வைக்கிறார்னு அப்படிச் சந்தோஷமாச் சொல்லுவாங்க. உயிரோட இருந்தப்போ ஒரு நாளும் செய்யலையாம்! என் வீட்டுக்காரனும் செத்தாத்தான் ஒரு வேலை செய்வான் போலன்னு நான் கேலி பண்ணுவேன்."

கினுயோ சிரிக்கவில்லை.

"கடைசியா வந்தப்போ பாவமா இருந்துச்சு," என்றாள் கடைக்காரி குரலைத் தாழ்த்தி. "ஷூவை இடது வலது மாத்திப் போட்டுக்கிட்டு நடந்து போனாங்க. சொல்லலாமா வேண்டாமான்னு எனக்குக் கூச்சம். சின்னப் பிள்ளையா, ஷூ மாறிப் போச்சுன்னு சொல்ல? வலிக்கிற மாதிரியே நடக்கல. கடல் பக்கம் போனாங்க."

"அப்புறம்?"

"நீங்கதானே வண்டியை வாங்கியிருக்கீங்க, வித்தவங்க உங்ககிட்ட சொல்லலையா?" கடைக்காரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் ஒரு முள்ளங்கியைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கினுயோ ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாள். சாவி கையில் இருந்தது. மூடுபனி கடலிலிருந்து ஏறி வந்து கண்ணாடியை மூடியது.

தொகுஜியை உடுத்தி அனுப்பிய நாள் நினைவுக்கு வந்தது. இறந்தவருக்கு எல்லாமே தலைகீழ். குளிப்பாட்டும் நீருக்கு முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிறகுதான் வெந்நீர் ஊற்ற வேண்டும். உயிரோடு இருக்கிறவர்கள் அங்கியின் இடது மடிப்பை மேலே போட்டுக் கட்டுவார்கள். அவருக்கு வலது மடிப்பை மேலே போட்டுக் கட்டினாள். பெருவிரல் பிரிந்த வெள்ளைக் காலுறையை அவள்தான் போட்டுவிட்டாள், இடது காலுக்கு வலதை, வலது காலுக்கு இடதை. விரல்கள் நுழையாமல் படாத பாடு பட்டாள். "அப்படித்தாம்மா போடணும், அவர் போற பக்கத்துல அதுதான் நேர்," என்றார் சடங்கு செய்ய வந்தவர்.

அவர் போற பக்கத்தில் அதுதான் நேர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். தொகுஜி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இடதுதான் வலது. தெரியாமல் வைக்கவில்லை மனிதர். சரியாகத்தான் வைத்திருக்கிறார், அவருடைய சரிப்படி.

ஆனால் அந்த அம்மாவின் புருஷனுக்கும் அதே பழக்கமா? இரண்டு வீட்டு ஆண்களுக்கும் செத்த பிறகு ஒரே மாதிரி புத்தி வந்ததா? அந்தக் கேள்வி நெஞ்சில் முள் மாதிரி நின்றது. அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தொகுஜி வரவே இல்லை என்று ஆகிவிடும். மன்னிக்கவும் இல்லை என்று ஆகிவிடும். அதைவிடப் பயந்துகொண்டே இருப்பது மேல்.

மிசாதோ தொலைபேசியில் கூப்பிட்டாள். "குரல் ஏன்மா ஒரு மாதிரி இருக்கு? திரும்பி வந்துடும்மா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அப்பா இருக்காருடி, கூடவே."

"நாளைக்குக் காலைல கிளம்பி வரேன். எங்க இருக்கன்னு மட்டும் சொல்லு. அங்கேயே இரு," என்றாள் மகள், அழுதுகொண்டே. கினுயோ இடத்தைச் சொன்னாள்.

வெளிச்சம் போவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். துணியை அவிழ்த்துத் தொகுஜியின் கறுப்பு ஷூக்களை எடுத்தாள். மெருகு போட்டாள். படிக்குழியில் தன் ஷூக்களுக்குப் பக்கத்தில், இடப்பக்கம் இடது, வலப்பக்கம் வலது என்று அவரது ஷூக்களை வெளியே பார்த்து வைத்தாள். மூங்கில் தகட்டை இடது ஷூவில் சாய்த்தாள். அந்த அக்டோபர் காலையில் செய்யாததை இப்போது முட்டி போட்டு உட்கார்ந்து செய்தாள். வந்தவர் அவர்தான் என்றால் இதைத் தொடாமல் இருக்க மாட்டார். இருந்தது இன்னும் ஒன்று, சொல்லாமல் விட்ட அந்தச் சொல். சாவு திரும்பி வந்துவிடும் என்று, சாவுச் சடங்கில் "மறுபடியும்" என்ற வார்த்தையைக்கூட யாரும் வாயில் எடுப்பதில்லை. செத்தவரிடம் சொல்கிற சொல்லா இது? அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் சொன்னாள், தரையில் நெற்றி படக் குனிந்து.

"போயிட்டு வாங்க."

மூடுபனியில் கடல்கூடச் சத்தமில்லாமல் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் நீர் ஒருமுறை அசைந்து நின்றது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் கனவில்லாமல் தூங்கினாள்.

விடிந்திருந்தது. நீலத் திரைச்சீலைக்குப் பின்னால் சாம்பல் வெளிச்சம். வண்டி முழுக்க ஊதுபத்தி மணம், இப்போதுதான் கொளுத்தி வைத்தது போல. படுக்கையிலிருந்து இறங்கி, நடுத்திரையை விலக்கி, படிக்குழிக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள்.

தொகுஜியின் ஷூக்கள் அவள் வைத்தபடியே இருந்தன. மூங்கில் தகடு அதே சாய்வில். அதை யாரும் தொடவில்லை. மெருகில் ஒரு விரல் ரேகைகூட இல்லை.

பக்கத்தில் அவளுடைய ஷூக்கள். வெளியே பார்த்து. இடம் மாறி.

அவர் வரவில்லை. இந்த வண்டியில் அவர் என்றைக்குமே இருந்ததில்லை. கினுயோவின் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பயத்தைவிட அதுதான் முதலில் வந்தது. இரண்டு கோப்பைத் தேநீர். ஆற்றங்கரைப் பூ. யாரிடம் பேசிக்கொண்டு வந்தாள்?

தன் இரவு அங்கியின் நெஞ்சைப் பற்றினாள். அப்போது கைக்குத் தெரிந்தது. மடிப்பு வேறு பக்கம் இருந்தது.

வலது மேலே.

இரவு அவள் அப்படிக் கட்டவில்லை. யாரும் அப்படிக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். இழுத்து அவிழ்த்தாள். இடது மடிப்பை எடுத்து மேலே போட்டாள். முடிச்சுப் போட்டாள். பார்த்தாள். வலதுதான் மேலே இருந்தது. இன்னொரு முறை. விரல்கள் தாமாகவே அப்படித்தான் கட்டின.

பின்னால் மெத்தை இறங்கிய சத்தம். யாரோ எழுந்திருக்கிறார்கள்.

திரும்பவில்லை. பூட்டைத் திறந்தாள். கதவு வழுக்கித் திறந்தது. மூடுபனி. சரளை. இருபதடியில் கடை. குதித்து ஓடினால் போதும். வெறுங்காலோடு ஓடினால் என்ன? ஆனால் பிறந்ததிலிருந்து வாசலைத் தாண்டும்போது கால் ஷூவைத்தான் தேடும். தேடியது. வலது கால் போய் இடது ஷூவில் நுழைந்தது.

வலிக்கவில்லை.

அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. மற்றதும்.

நடுத்திரை வளையங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தரைப்பலகையில் இரண்டு முட்டிகள் பதவிசாக ஊன்றும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். முப்பத்தொன்பது வருடம் அவளே எழுப்பிய சத்தம். ஈரத்தலையிலிருந்து நீர் சொட்டியது. பிறகு ஒரு பெண்ணின் குரல், வயதானது, அன்பானது, ரொம்ப நாளாகக் காத்திருந்து களைத்தது.

"போயிட்டு வாங்க."

பனிக்குள் கடல் இருக்கும் பக்கம் அவள் கால்கள் நடக்கத் தொடங்கியிருந்தன. மகள் வரும் சாலை மறுபக்கம் இருந்தது. கத்தத்தான் கினுயோ வாயைத் திறந்தாள். பழக்க தோஷம். வாய் பதில் சொல்லிவிட்டது.

"போயிட்டு வரேன்."